விலக்கு ரோட்டில் சரித்திரம்

எங்கள் கரிசல் சீமையில் செத்துப்போனவர்களுக்குப் பலகை வைக்கிற பழக்கம் பிந்தி வந்தது. அதற்கு முன்னால் கல்தான். சண்டையில் விழுந்தவனுக்கு நடுகல். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் பேரில், வழியோடு போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கட்டும் என்று இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். ஆள் துணையில்லாமல் சுமையை இறக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் ஊர் விலக்கில் அப்படி ஒன்று நின்றது. பருத்தி மூட்டையை அதில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற என் பாட்டி, அந்தப் பெண் இன்னார் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள், இன்ன மழைக்காலத்தில் மருத்துவச்சி வர முடியாமல் போனாள் என்று நேற்று நடந்த மாதிரி சொல்வாள். கல்லில் ஒரு எழுத்து கிடையாது.

ரோட்டை அகலப்படுத்தியபோது நட்ட கற்கள் இரண்டும் போன இடம் தெரியவில்லை. படுத்திருந்த கல் பக்கத்து டீக்கடை வாசலுக்கு வந்துவிட்டது. "உக்காருங்க அண்ணாச்சி, பழைய காலத்துக் கல்லு. வெயில் ஏறாது" என்று கடைக்காரர் துண்டால் தட்டிவிட்டார். உட்கார்ந்தேன். சூடு ஏறத்தான் செய்தது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1927-லேயே ரோட்டோரம் இரும்புப் பலகை நட்டு, இன்ன இடத்தில் இன்ன சண்டை நடந்தது என்று நாலு வரியில் எழுதிவைக்க ஆரம்பித்தது. கார் வைத்திருப்பவன் நின்று படிப்பான் என்கிற நம்பிக்கை. நம் பக்கத்துக் கல்வெட்டுக்கு வேறு இலக்கணம். திறந்துவைத்தவர் பெயர் மேலே பெரிதாக, தலைமை தாங்கியவர் பெயர் அடுத்து, முன்னிலை வகித்தவர்கள் நாலைந்து பேர், கடைசியில் ஒப்பந்தக்காரர். யாருக்காகத் திறந்தார்களோ அவருடைய பெயர் இந்தக் கூட்டத்தில் எங்கேயாவது இருக்கும்.

கயத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1799 அக்டோபர் 16-ம் தேதி மேஜர் பானர்மன், சுற்றுவட்டாரத்துப் பாளையக்காரர்களை வரவழைத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டான். பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜனங்கள் பயப்பட்டார்களோ என்னவோ, அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டுப் போட்டுக் கல் குவியலாக எழுந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த ஏடுகளிலேயே அந்தக் குவியல் வருகிறது. கல் போடுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம், யார் போட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இந்த மண்ணில் எழுந்த நினைவுச்சின்னங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று தோன்றவில்லை.

பிறகு 1959-ல் படம் வந்தது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த எங்கள் தலைமுறைக்குக் கட்டபொம்மன் முகம் என்றால் சிவாஜி முகம்தான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஜாக்சன் துரைக்கு ஆள் கிடைக்காது, கட்டபொம்மனுக்கு அடிதடி. சிவாஜி சும்மா இருக்கவில்லை. கயத்தாற்றில் தன் சொந்தக் காசில் இடம் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். நடித்த வேடத்துக்காக நிலம் வாங்கிய நடிகர் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். அதன் பிறகு அரசு மணிமண்டபமும் கட்டியது. இவ்வளவும் கட்டி முடித்த காலத்தில் நான்குவழிச் சாலை ஊருக்குள் வராமல் ஒதுங்கிப் போய்விட்டது. கயத்தாற்றுக்காரர்களுக்கு இப்போதைய கவலை, பஸ்காரர்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுவிடுகிறார்கள் என்பது. சாலைப்புதூர் டோல்கேட்டில் எல்லா வண்டியும் நிற்கிறது. அது சரித்திரத்துக்காக அல்ல.

ஒரு காலத்தில் கட்டபொம்மன் எங்கள் ஊருக்குள்ளேயே வந்து போனார். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். விலக்கில் நிற்கிற கிழவி, "எய்யா, கட்டபொம்மன் போயிருச்சா?" என்று கேட்பாள். "அது போயி அரமணி நேரமாச்சு பாட்டி, இனிமே தனியார்தான்" என்று பதில் வரும். மாவட்டத்துக்கும் பெயர் வைத்தார்கள். 1986-ல் நெல்லையைப் பிரித்தபோது நாங்கள் வ.உ.சிதம்பரனார் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். அந்தப் பக்கம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். கடித உறையில் முகவரி எழுத இடம் போதாது.

1997-ல் அது முடிவுக்கு வந்தது. கட்டபொம்மனுக்குத் தளபதியாக நின்று செத்தவன் கவர்னகிரி சுந்தரலிங்கம். அவன் பெயரை விருதுநகர்ப் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தளபதி எந்தச் சாதி என்பது இருநூறு வருஷம் கழித்து டிக்கெட் எடுக்கிற இடத்தில் பிரச்சினை ஆகிவிட்டது. கலவரம், துப்பாக்கிச் சூடு. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் இறங்கினார், வ.உ.சி.யும் இறங்கினார். ராஜாவும் தளபதியும் சமமாக நடத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டயபுரத்துப் பையன்கள் பாடு இன்னும் கஷ்டம். அந்தப் படம் வந்த நாளிலிருந்து, கோவில்பட்டிக்குப் படிக்க வருகிறவனை எட்டப்பன் என்று கூப்பிடாத வகுப்பு கிடையாது. அவன் "பாரதி எங்க ஊருலே" என்று மல்லுக்கு நிற்பான். உண்மையில் அவன் கையில் இன்னும் நிறையச் சரக்கு இருந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது அங்கேதான். முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் உயிர் விட்டதும், அவருடைய சமாதி இருப்பதும் அங்கேதான். இரண்டு பேரையும் ஆதரித்தது அந்த அரண்மனை வாசல். ஆனால் பாரதி 1919-ல் அதே வாசலுக்குச் சீட்டுக்கவி அனுப்பிப் பார்த்தார், பலன் இல்லை. பிறகு கல்கி பத்திரிகையில் எழுதி வாசகர்களிடம் காசு திரட்டி, 1945-ல் ராஜாஜி கால்கோள் செய்து, 1947 அக்டோபரில் அவரே திறந்துவைத்ததுதான் பாரதி மணிமண்டபம். ஜமீன் கொடுக்காததை ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாக ஜனங்கள் கொடுத்தார்கள். இன்றைக்கு எட்டயபுரத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பாரதி வீட்டைத்தான்.

மணியாச்சியில் இன்னும் சிக்கனம். 1911 ஜூன் 17-ம் தேதி, கொடைக்கானலுக்குக் கிளம்பிய கலெக்டர் ஆஷை அந்த ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் வைத்தே வாஞ்சிநாதன் சுட்டார். ஆஷுக்குத் தூத்துக்குடியில் மண்டபம் கட்டினார்கள். வாஞ்சிக்கு ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இடம் கொடுத்தார்கள், வாஞ்சி மணியாச்சி. கட்டுமானச் செலவு, பெயின்ட் காசு.

பலகை எங்கே இருக்கிறது என்பதைவிட எங்கே வைக்கமாட்டார்கள் என்பதைப் பார்த்தால் வட்டாரத்தின் சரித்திரம் விளங்கும். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் தொல்லியல் துறையின் பலகை உண்டு. பாறையை மேலிருந்து குடைந்து இறக்கிய எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை அது, வைக்கத்தான் வேண்டும். அதே ஊரில் 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது, யார் எந்தத் தெருவில் போகலாம் என்கிற தகராறில் வெட்டும் குத்தும் தீவைப்பும் நடந்தன. அதற்கு யார் பலகை எழுதுவார்கள்? எழுதினால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பார்கள்? விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் உயிர்விட்டது கோவில்பட்டியில். அவர் பேச்சைக் கேட்டுக் கரண்ட் கட்டணம் கட்டாமல் நின்ற சம்சாரிகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். மணிமண்டபம் அவர் சொந்த ஊரான கோவைப் பக்கத்து வையம்பாளையத்தில் இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்கும் கல் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு ஆரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் வரும். பாதித் தூக்கத்தில் தூக்குச்சட்டியோடு என் வயதுப் பிள்ளைகள் ஏறுவார்கள். கட்டை அடுக்குவதில் விரல் நுனி மரத்துப்போயிருக்கும், ராத்திரி திரும்பி வந்தால் சட்டையில் மருந்து வாடை. என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஐந்தாம் வகுப்புக்கு வந்துசேராதவர்கள் அந்த பஸ்ஸில்தான் போனார்கள். பேட்டரி ரேடியோவுக்கும் சைக்கிளுக்கும் காசு வந்ததும் அந்த பஸ்ஸில்தான்.

இடைசெவலுக்கு வருகிறேன். 1923 செப்டம்பரில் 16-ம் தேதி கி.ராஜநாராயணனும் 23-ம் தேதி கு.அழகிரிசாமியும் அந்தச் சின்ன ஊரில் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி பரிசு. அழகிரிசாமிக்கு அவர் போன பிறகு. கி.ரா. புதுச்சேரியில் 2021-ல் காலமானார், அடுத்த வருஷமே கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறந்தார்கள். எழுத்தாளனுக்கு இவ்வளவு சீக்கிரம் நடந்தது எங்கள் பக்கத்தில் புதுசு. மனசாரச் சந்தோஷம்தான்.

ஆனால் ரோட்டில் அதிகம் தென்படுவது வேறு பலகை. 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கடைக்குக் கடை அதை எழுதிப் போட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு கடையில் நின்றிருந்தேன். சென்னைப் பதிவெண் காரிலிருந்து இறங்கிய பையன், "அண்ணா, கி.ரா. ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரா நாலாட்டின்புதூர் தாண்டிப் போங்க தம்பி, விலக்குல பலகை தெரியலன்னா யாரையாச்சும் கேளுங்க. எல்லாருக்கும் அவுக வீட்டு ஆளு மாதிரிதான்" என்றார். பிறகு, "கால் கிலோவா, அரைக் கிலோவா?"