ஹாரனுக்குப் போன காசு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழைய மஹிந்திரா ஜீப்புக்குச் சாவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சில்வர் ஓக் நிழலில் பானெட்டைத் திறந்தால் போதும். மச்சான், மாமா, பக்கத்துத் தோட்டத்து ரைட்டர் எல்லாரும் மெக்கானிக். எல்இடி விளக்கு, அகல டயர், ஏர் ஹாரன், முன்னால் இரும்புக் கம்பி என்று எல்லாம் ஏறும். (அந்தக் கம்பி கூடாதென்று மத்திய அரசு 2017-லேயே சொல்லிவிட்டது; செய்தி இன்னும் மலையேறவில்லை போலும்.) எஃப்.சி. காட்டும் நாளில் மட்டும் அத்தனையும் இறங்கிவிடும். தேய்ந்த பிரேக் ஷூவைப் பற்றிக் கேட்டால், "ரெண்டாவது கியர்ல இறக்குங்கண்ணா, பிரேக் எதுக்குங்க?" என்கிறார்கள். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். கியர் வேகத்தைக் குறைக்கும். எதிரே பஸ் வந்தால் வண்டியை நிறுத்தாது. ஹாரன் வாங்கும் காசில் முதலில் பிரேக் ஷூவை மாற்றுங்கள், ஐயா.