மாவுப்புழு சொன்ன சாட்சி

கேள்வி (ஈரோடு): என் மருமகள் மூன்றாவது முறையும் பெண்ணையே பெற்றிருக்கிறாள். அவள் பிறந்த வீட்டு வாகு அப்படி என்கிறார்கள் உறவினர். உண்மைதானா?

பதில்: சட்டியில் இருந்தால்தானே, அம்மா, அகப்பையில் வரும்! மனித உயிரணுவுக்குள் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் 46, ஜோடி ஜோடியாக 23 கூட்டங்களாய் இருக்கின்றன. அவற்றில் 22 ஜோடிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எஞ்சிய ஒரு ஜோடி மட்டும் பெண்ணிடம் எக்ஸ்-எக்ஸ் என்றும் ஆணிடம் எக்ஸ்-ஒய் என்றும் அமைந்திருக்கிறது. கருமுட்டை உருவாகும்போது ஜோடிக்கு ஒன்றாகப் பிரிந்து சேர்வதால் உங்கள் மருமகளின் முட்டை ஒவ்வொன்றிலும் இருப்பது எக்ஸ்தான். ஒய் என்னும் சரக்கு அவளுடைய சட்டியில் என்றுமே இருந்ததில்லை. உங்கள் புத்திரருடைய விந்தணுக்களிலோ ஏறக்குறையப் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமந்து செல்கின்றன. முட்டையோடு கலப்பது எக்ஸ் ஆனால் பேத்தி, ஒய் ஆனால் பேரன். ஆகவே வாகு என்று ஒன்றைத் தேடியே தீருவதென்றால் அதை உங்கள் வீட்டுப் பக்கம்தான் தேட வேண்டும். ஆனால் அங்கும் தேடாதீர்கள், கோடிக்கணக்கான அணுக்கள் ஓடும் ஓட்டத்தில் எது முந்த வேண்டும் என்று உங்கள் மகனும் கட்டளையிட முடியாது. மூன்று பிள்ளை உள்ள குடும்பங்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றில் மூன்றும் பெண்ணாக இருப்பது வெறும் கணக்கு. நம் ஊர்ப்பக்கம் இத்தகைய குழந்தைக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்தச் சிறுமி தன் பிறப்பைப் பற்றிய ஊராரின் அபிப்பிராயத்துக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உங்கள் பேத்திக்கு நல்ல பெயராகச் சூட்டுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): ஆண் மகவு வேண்டுவோர் சேருவதற்கு உகந்த கிழமை எது?

பதில்: ஏழு கிழமையிலும் இரண்டு வகைப் பிள்ளையும் உண்டாகிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி (திருநெல்வேலி): இந்த எக்ஸ், ஒய் சமாசாரத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர் யார்?

பதில்: மகானுபாவர் அல்லர், ஒரு மாதரசி! 1891-இல் ஹென்கிங் என்னும் ஜெர்மானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது, பாதி அணுக்களில் மட்டும் காணப்பட்ட ஒரு பொருள் இன்னதென்று விளங்காமல், கணக்கிலே தெரியாததைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்ற எழுத்தை அதற்குச் சூட்டிவிட்டு அகன்றார். அந்தப் புதிரை விடுவித்தவர், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில் 1861-இல் ஒரு தச்சருடைய மகளாகப் பிறந்து, பள்ளி ஆசிரியையாகச் சம்பாதித்துச் சேமித்த காசைக் கொண்டு 35-ஆம் வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, பின்னர் பிரின் மார் மகளிர் கல்லூரியில் ஆராய்ச்சி நடத்திய நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார். மாவில் வாழும் ஒரு வண்டின் புழுவை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் எண்ணினார். பெண்ணின் அணுவில் பெரிய குரோமோசோம்கள் 20. ஆணின் அணுவிலோ பெரியவை 19, அவற்றோடு சின்னஞ்சிறியது ஒன்று. அந்தச் சிறியதைச் சுமந்த விந்தணு சேர்ந்தால் ஆண் பிறக்கிறது என்று 1905-இல் எழுதினார். கர்ப்பிணி உண்ணும் ஆகாரமே சிசு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்று பண்டிதர்கள் பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது! அதே ஆண்டில் வில்சன் என்ற பேராசிரியரும் தனியாக இதே திசையில் வந்து சேர்ந்தார். 1933-இல் நோபல் பரிசு அம்மையாரின் ஆசானாக இருந்த மார்கனுக்குக் கிடைத்தது. அம்மையாரோ 1912-இலேயே, 50 வயதில், மார்பகப் புற்றுநோயால் மறைந்துவிட்டார். நம் வீட்டு மாவு டின்னில் நெளிவது அந்தப் புழுவின் தாயாதி. இனி அதைக் கண்டு முகம் சுளிக்கும்போது, உலகத்து மருமகள்கள் அனைவருக்காகவும் சாட்சி சொன்ன வம்சம் அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): என் மைத்துனருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். என் மகனுக்கும் அப்படியே. எனக்கு அந்தக் குறை இல்லையே?

பதில்: நீங்கள் மகனுக்குக் கொடுத்தது ஒய். அவ்விரு நிறங்களையும் பிரித்தறியும் ஜீன்கள் இருப்பதோ எக்ஸில். அது முழுக்க முழுக்க அவன் தாய் வீட்டுச் சீதனம். உங்கள் மாமியாரிடமிருந்த இரண்டு எக்ஸ்களில் பழுதுள்ளது ஒன்று மைத்துனருக்கும் சென்றது, உங்கள் மனைவிக்கும் சென்றது. மனைவியிடம் தகப்பனார் தந்த நல்ல எக்ஸ் துணைக்கு இருந்ததால் குறை வெளிப்படவில்லை. மகனிடம் துணை இல்லை. தாய்மாமனுக்குக் காது குத்து முதல் கல்யாணம் வரை முதல் மரியாதை தரும் நம் சமுதாயத்தில் இந்த உறவுக்கு உயிரணுவிலும் ஒரு பத்திரம் எழுதி வைத்திருப்பதைக் காண எனக்கு அளவிலா ஆனந்தம்.

கேள்வி (நாமக்கல்): கோழிக்கும் சேவல்தான் தீர்மானிக்கிறதா?

பதில்: கோழி ராஜ்ஜியத்திலிருந்து வரவேண்டிய கேள்வி! பறவைகளில் எல்லாம் தலைகீழ். சேவலிடம் ஒரே மாதிரியான இரண்டு ‘இசட்’. பெட்டையிடம் ஒரு ‘இசட்’, ஒரு ‘டபிள்யூ’. குஞ்சு சேவலா பெட்டையா என்பது முட்டையிலேயே முடிந்துபோகிறது. நம் கிழக்குக் கரையில் ஏறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு இந்தக் குரோமோசோம் ஏற்பாடே இல்லை. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகளும், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பொரிகின்றன. தேனீயின் கதையோ அதிவிசித்திரம்: விந்து சேராத முட்டையிலிருந்து வருவது ஆண் ஈ, அதற்குக் குரோமோசோம் 16, சேர்ந்த முட்டையிலிருந்து வருவது பெண், அதற்கு 32. ஆகவே ஆண் தேனீக்குத் தகப்பன் கிடையாது, தாத்தா உண்டு. மகன் கிடையாது, மகள்கள் உண்டு. புத்திர பாக்கியம் வேண்டி ராமேசுவரம் போகும் அவசியமே இல்லாத பிராணி!

கேள்வி (சேலம்): ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஜாடையாகவேனும் சொல்லக் கூடாதா?

பதில்: 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜாடையும் குற்றம், அந்த ஜாடையை நாடுவதும் குற்றம்.

கேள்வி (ஊரும் பெயரும் வேண்டாம்): என் மகளுக்கு 18 வயதாகியும் பூப்பெய்தவில்லை. சோதனையில் எக்ஸ்-ஒய் என்று வந்திருக்கிறது. வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவள் யார்?

பதில்: உங்கள் மகள், அம்மா. சோதனைக்கு முந்தின நாள் வரை அவள் யாராக இருந்தாளோ அவளே. கருவில் முதல் ஆறு வாரங்கள் வரை ஆண், பெண் இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. அதன்பின் ஒய்யில் உள்ள ஒரே ஒரு ஜீன், 1990-இல் லண்டன் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தது, ‘ஆணாக வளர்’ என்று முதல் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலிலேயே கோளாறு இருக்கலாம். குரல் எழுந்து ஆண்மைச் சுரப்பு உண்டான பிறகும், அதைக் கேட்க வேண்டிய செவி உடலின் அணுக்களில் இல்லாமல் போகலாம். அந்தச் செவியை அமைக்கும் ஜீன் எக்ஸில் இருக்கிறது என்பது இயற்கையின் விந்தை. இரு நிலைகளிலும் உடல் பெண்ணாகவே வளர்கிறது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது எது என்பதை நாளமில்லாச் சுரப்பிகளுக்கான வைத்தியரே நிச்சயிக்க முடியும். உள்ளே இருக்கும் சுரப்பிகளில் கட்டி தோன்றும் அபாயம் சிலருக்கு உண்டு என்பதால் தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள். நீங்கள் செய்த பிழையோ உங்கள் கணவர் செய்த பாவமோ எதுவும் இதில் இல்லை. அவள் அறியாமல், அவள் சம்மதம் இல்லாமல் எந்த அறுவைச் சிகிச்சைக்கும் யாரும் கையெழுத்திட வேண்டாம். அவளுக்கு வயது வந்துவிட்டது. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பரிசோதனைக் காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்து, அவள் படித்து முடிக்கும் வரையில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.