பிளஸ் ஒன் விடுமுறை

கேள்வி: 'காலேஜுக்கு பிளஸ் டூ மார்க்தானே கேக்கறாங்க? பிளஸ் ஒன்ல ரெஸ்ட் எடுத்துக்கறேன்' என்கிறான் என் மகன். சரிதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பாதி சரி. தமிழக இன்ஜினீயரிங் கட் ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எல்லாம் பிளஸ் டூ மார்க்தான். ஆனால், நீட், ஜே.இ.இ. வினாத்தாள் எடுப்பவர்களிடம் தம்பியின் லீவ் லெட்டர் செல்லாது. இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். தவிர, வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் எல்லாம் தொடங்குவதே பிளஸ் ஒன்னில்தான். முதல் செமஸ்டரில் பேராசிரியர், 'இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க' என்று தாண்டிப் போவார். தம்பி தலையாட்டுவான், அரியர் கையாட்டும்!

ரெஸ்ட் தாராளமாக எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, பிரியாணிக்குப் பிறகு, ஒரு மணி நேரம்.