கடைச் சாவி யார் கையில்?

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் இணையதளம் பற்றிக் கேட்ட கேள்விகள் இந்த வாரம், நடுவில் ஒரு மாணவியின் கேள்வியும். ஊரும் தொழிலும் போதும் என்று பெயர்களை விட்டுவிட்டோம்.

இட்லி மாவு விற்பவர், தாம்பரம்: பத்துத் தெருவுக்கு மாவு போடுகிறேன். எனக்கும் வெப்சைட் வேண்டுமா?

பத்துத் தெருவைத் தாண்டினால் உங்கள் மாவு புளித்துவிடும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது கூகுள் மேப்பில் ஒரு புள்ளி. 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர், காசு கிடையாது. கடை உங்களுடையதுதானா என்று சரிபார்த்துவிட்டு அனுமதிப்பார்கள். நேரம், போன் நம்பர், நாலு படம் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் வையுங்கள். பதினோராவது தெருக்காரர் வீடு தேடி வந்து சண்டை போடும் நாளில் வெப்சைட் பற்றிப் பேசுவோம்.

பூட்டுப் பட்டறைக்காரர், திண்டுக்கல்: சொந்தக்காரப் பையன் தளம் செய்து கொடுத்தான். இப்போது துபாய் போய்விட்டான். டொமைன் அவன் பெயரில் இருக்கிறதாம். என்ன செய்ய?

ஊருக்கெல்லாம் பூட்டு விற்றுவிட்டு உங்கள் சாவியைத் துபாய்க்கு அனுப்பியிருக்கிறீர்கள்! டொமைன், அதாவது தளத்தின் முகவரி, கிரயம் செய்த நிலம் அல்ல, வருஷக் குத்தகை. யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் குத்தகைதாரர். பணம் நீங்கள் கொடுத்தது உங்களுக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் பையனுக்குப் போன் போடுங்கள். திட்ட வேண்டாம், நலம் விசாரியுங்கள். டொமைன் வாங்கிய கணக்குக்குள் போய், அது கைமாறாமல் தடுக்கும் பூட்டை எடுத்துவிட்டு, 'ஆத் கோடு' என்ற ரகசியக் குறியீட்டை அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுப்பிக்கும் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் சில வாரம் அவகாசம் கிடைக்கும். அதுவும் போனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இனி தொடங்குகிறவர்களுக்கு: சாவி மொத்தம் மூன்று. டொமைன் கணக்கு, தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் கணக்கு, இரண்டையும் திறந்த மின்னஞ்சல். மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். கொத்தனார் வீடு கட்டலாம். பத்திரம் அவர் பெயரில் எழுதக் கூடாது.

கல்லூரி மாணவி, மதுரை: உலகின் முதல் இணையதளம் எப்படி இருந்தது?

1991இல் ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்டது. வெறும் எழுத்து, தொட்டால் அடுத்த பக்கம் போக இணைப்புகள். அந்தப் பக்கத்தை இன்றும் திறந்து பார்க்கலாம். கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அடுத்த கேள்வி கேட்டிருக்கும் ஜவுளிக்காரர் அவசியம் பார்க்க வேண்டும்.

பட்டுச்சேலைக் கடைக்காரர், ஆரணி: முகப்பில் சுழலும் தாமரை, நாதஸ்வரம், முப்பது சேலைப் படம் எல்லாம் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நிற்காமல் ஓடுகிறார்கள். ஏன்?

அவர்கள் இன்னும் வரவே இல்லை. உங்கள் தாமரை மலரும் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வாடிக்கையாளர் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் போனைப் பார்ப்பவர். திடீரென்று நாதஸ்வரம் ஊதினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அவர் மறுபடி வருவாரா?

போனில் எடுத்த படம் ஒன்று நாலைந்து எம்பி இருக்கும். முப்பதையும் அப்படியே ஏற்றினால் நூறு எம்பிக்கு மேல் போகும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து 'வெப்பி' வடிவில் சேமித்தால் படம் ஒன்று சில நூறு கேபிக்குள் அடங்கும். சேலையின் பளபளப்பு குறையாது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முந்தானை, பார்டர், பின்பக்கம் மூன்றும் தெரியட்டும். நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துணி உண்டா, சில்க் மார்க் உண்டா, விலை என்ன என்று எழுதுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் யாரும் அழைப்பதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மிட்டாய் தொழில் தொடங்கியவர், அம்பத்தூர்: கடலை மிட்டாய் செய்கிறேன். டொமைன் பெயரில் 'கோவில்பட்டி' சேர்த்தால் விற்பனை கூடுமா?

கூடும். கூடவே வக்கீல் நோட்டீஸும் வரும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கோவில்பட்டியில் பிறந்து, கோவில்பட்டியில் பாகு காய்ச்சுகிறவர்கூட, அந்தப் பெயரை உரிமையோடு போட்டுக்கொள்ள 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவுசெய்ய வேண்டும். 'அம்பத்தூர் கடலை மிட்டாய்' என்றே தைரியமாகப் போடுங்கள். கோவில்பட்டிக்கும் அந்தப் பெயர் ஒரு நாளில் வந்துவிடவில்லை.

மரச்செக்கு எண்ணெய் வியாபாரி, காங்கேயம்: தளம் தமிழிலா, ஆங்கிலத்திலா?

வாங்குகிறவர் எந்த மொழியில் பேரம் பேசுவாரோ அந்த மொழியில். இரண்டிலும் என்றால் இரண்டிலும். தமிழ் யூனிகோடில் இருக்கட்டும். அச்சகத்தில் நோட்டீஸுக்கு அடித்த பழைய எழுத்துருவை அப்படியே ஒட்டினால், 'நல்லெண்ணெய்' இருக்க வேண்டிய இடத்தில் கரப்பான்பூச்சி மையில் விழுந்து நடந்த மாதிரி ஏதோ தெரியும், கூகுளுக்கும் புரியாது. விலைப்பட்டியலைப் படமாகப் போடாதீர்கள், எழுத்தாகவே அடியுங்கள்.

டொமைனையே தமிழ் எழுத்தில், 'டாட் இந்தியா' என்ற முடிவோடு வாங்கலாம். பெருமைக்கு அது, பிழைப்புக்கு ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டும் வைத்துக்கொள்வது உத்தமம். ஒரே எச்சரிக்கை: 'வாழை' என்று பெயர் வைத்து ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாக அடிப்பார்கள். தமிழுக்கு அழகு ழகரம், டொமைனுக்கு வம்பு.

ஊறுகாய் போடுபவர், திருநெல்வேலி: தளத்தில் என்னென்ன போட வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், கூடுதல் கட்டணம் சேர்ந்த மொத்த விலை, திருப்பி எடுக்கும் நிபந்தனை, பணம் திரும்பும் முறை எல்லாம் தெரிய வேண்டும். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ வழங்கிய 14 இலக்க எண்ணும் இருக்கட்டும்.

குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலாளி, தொழிலாளி, மாங்காய் நறுக்குபவர் எல்லாமே நீங்கள்தான் என்றால் அந்த அலுவலரும் நீங்களே. பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்.

பொம்மை வியாபாரி, தஞ்சாவூர்: 'கூகுளில் முதலிடம், கியாரண்டி' என்று ஒருவர் மாதச் சம்பளம் மாதிரி கேட்கிறார். கொடுக்கலாமா?

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒன்று செய்யுங்கள். அவர் செய்யும் தொழிலை, அவர் ஊர்ப் பெயரோடு கூகுளில் தேடிப் பாருங்கள். அவரே மூன்றாம் பக்கத்தில் இருந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தலையாட்டி பொம்மை விற்கலாம், நாமே ஆகிவிடக் கூடாது.

நர்சரி வைத்திருப்பவர், ஓசூர்: மொத்தத்தில் என்ன செலவாகும்?

டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. ஹோஸ்டிங் சில ஆயிரம். முதல் வருஷச் சலுகை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தடபுடலாக இருக்கும். இரண்டாம் வருஷம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். தளத்துக்குப் பூட்டுப் போடும் எஸ்எஸ்எல் சான்றிதழையும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகவே தருகிறது. அது இல்லாத தளத்தை 2018 முதல் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆக, பூட்டுக்குத் தனியாகச் சில ஆயிரம் கேட்டால் 'எதற்கு?' என்று கேளுங்கள். மிச்சப் பணத்தை நல்ல படம் எடுக்கவும் நாலு வரி பிழையில்லாமல் எழுதவும் செலவிடுங்கள்.

காபித்தூள் கடைக்காரர், கும்பகோணம்: தளம் தயார். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்?

உங்கள் அத்தையை. போனைக் கையில் கொடுத்து, "அரைக்கிலோ தூள் ஆர்டர் போடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். "சிக்கரி எவ்வளவுடா?", "எப்ப வரும்?", "பணம் எங்க கட்டறது?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தளத்தில் நீங்கள் எழுத மறந்தது. எல்லாவற்றையும் எழுதிச் சேருங்கள். அத்தை கேள்வியே கேட்காமல் ஆர்டர் போட்டு முடிக்கும் நாள்தான் முகூர்த்தம்.

அன்றைக்கே டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துக் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள். பையன் துபாய் போகலாம். சாவி கடையில் இருக்கட்டும்.