ஆன்சைட் அண்ணன்

பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலை அடுத்துள்ள காட்டுப்பாக்கத்தில், போரூர், மணப்பாக்கம் மென்பொருள் வளாகங்களுக்கு வேலைக்குப் போவோரின் குடும்பங்கள் அடுக்ககங்களில் பெருகிய பின்னர், ஒரு காலத்தில் சோதிடருக்கு இருந்த மதிப்பைத் தனதாக்கிக்கொண்ட ஒரு மனித வகை உருவாகியுள்ளது. அதனை ஆன்சைட் அண்ணன் எனலாம். ஆன்சைட் என்பது, இந்திய நிறுவனம் தன் ஊழியரை வாடிக்கையாளரின் நாட்டுக்கே அனுப்பி வேலை வாங்கும் ஏற்பாடாகும். அவ்வகையில் நியூ ஜெர்சியில் ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும், அண்ணன் முழுமையாகத் திரும்பிவிட்டார் என்று அவர் மனைவியே உறுதி கூறுவதில்லை. நெருக்கடியான சாலையில், ஷேர் ஆட்டோவின் பின்னிருக்கையில் சீட் பெல்ட்டைத் தேடுவதும், சித்திரை வெயிலை ஃபாரன்ஹீட் அளவில் 'நூற்று நான்கு' என்று அறிவித்து, யாருக்குக் காய்ச்சல் என்று கீழ்வீட்டாரைப் பதறவைப்பதும் இவ்வகையின் புற அடையாளங்கள்.

ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுகலை அல்லது அதற்கு மேல் படித்தோரில் கூடுதலாக 20,000 பேருக்கும் என வரம்பிடப்பட்ட எச்-1பி என்னும் பணி விசா, தெருவில் ஒரு பையனுக்குக் கிடைத்துவிட்டால், அவனுடைய தாயார் அவனை அண்ணனிடம் அழைத்துவர, வகுப்பு தொடங்குகிறது. தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லாமையால் கடவுச்சீட்டில் அவ்விடத்தைத் தந்தை பெயரே நிரப்புகிறது என்றும், எனவே அங்கே 'மிஸ்டர் முனுசாமி' என்று கூப்பிட்டால், காட்டுப்பாக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவைத் தேடாமல் தானே எழுந்து நிற்க வேண்டும் என்றும் முதற்பாடம் அமைகிறது. கருவாட்டுக் குழம்பை அலுவலக மைக்ரோவேவில் சூடாக்கலாகாது என்பதும், கடுகு தாளிக்குமுன் புகை எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறதென்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதும் அடுத்தவை. பின்னதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் செலவாவதிலிருந்து, அது சொந்த அனுபவம் என்று ஊகிக்கலாம்.

மானிடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976இல் வெளியிட்ட 'பியாண்ட் கல்ச்சர்' என்னும் நூலில், சொல்லாமலே சூழலால் பொருள் உணர்த்தும் பண்பாடுகளையும், எதையும் சொல்லில் வெளிப்படையாக வைக்கும் பண்பாடுகளையும் வேறுபடுத்திக் காட்டினார். அந்நூலைக் கண்ணால் பாராத அண்ணன், அதன் சாரத்தை ஒரே மூச்சில் தருகிறார்: "தம்பி, இங்க 'பாக்கலாம்'னா முடியாதுன்னு அர்த்தம், அங்க அப்படிச் சொன்னா, தேதி குறிச்சிட்டு வந்து உக்காந்திருவான். புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடணும், என்ன புரிஞ்சுதா?" இதற்கு இளைஞர் ஒன்றும் புரியாமலே "புரிஞ்சுதுண்ணா" என்று தலையாட்ட, அண்ணனும் நிறைவுடன் அடுத்த பாடத்துக்குச் செல்கிறார்.

எனினும், நகைப்புக்குரிய இவ்வறிவுரைகளின் முடிவில், வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, போகிற ஊரில் அறையைப் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒருவரின் வாட்ஸ்அப் எண்ணை அண்ணன் அனுப்பிவைக்கிறார். அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு எண் கைக்கு வந்து, முதற்சம்பளம் வங்கியில் ஏறும் வரை, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்வதும், சாம்பார் சாதம் போடுவதும், அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று சொல்லித்தருவதும் அந்த வாட்ஸ்அப் எண்ணுக்குரியவரே. நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகள் பண்பாட்டைப் படவில்லைகளில் விளக்குகின்றன. அண்ணனோ ஓர் ஆளையே கொடுத்தனுப்புகிறார். ஆகவே, விசா கிடைத்த செய்தியை அவருக்குக் கடைசியாகத் தெரிவிப்பது நேரத்துக்கு நல்லது. தெரிவிக்காமலே விமானம் ஏறுவது யாருக்கும் நல்லதன்று.