கிடங்கலுக்குள்ள ஒரு கிடங்கு

வாப்பா கவுன்சிலரே, உக்காரு. திண்ணையைத் தொடைச்சுத்தான் வச்சிருக்கேன், வெள்ளை வேட்டி அழுக்காவாது. என் அக்கா பேரனா இருந்தாலும் வார்டுல ஜெயிச்சவன், அதனால இன்னிக்கு உனக்கு மரியாதை. டீக்கு மட்டும் நீ காசு குடுத்துடு.

இன்னிக்கு இல்லன்னாலும் நாளைக்கு உன் மேசைக்குக் குடோன் கோப்பு ஒண்ணு வரும். வராம இருக்குமா? சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைன்னு நாலு பக்கத்து ரோடும் திண்டிவனத்துலதான் டீ குடிக்க நிக்குது. பெலாக்குப்பத்துல சிப்காட் வந்தாச்சு. டாபர் கம்பெனிக்காரன் 2024 ஆகஸ்டுல 400 கோடி முதலீடு, 250 பேருக்கு நேரடி வேலைன்னு அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டான். செய்யறவன் வந்தா, செஞ்சதை அடுக்கி வைக்கிறவனும் பின்னாலயே வருவான். வரட்டும், நல்லா இருக்கட்டும். நான் எதுக்கு குறுக்க நிக்கப் போறேன்? குறுக்க நிக்கிறதுக்குத் தண்ணி இருக்குதே!

திண்டிவனத்துல இருக்கிற நம்ம கிடங்கல் என்ன ஊருன்னு தெரியுமா? சிறுபாணாற்றுப்படையில வர்ற நல்லியக்கோடன் ஆண்ட ஊரு. பழைய தமிழ்ல கிடங்குன்னா அகழி, குளம். இப்போ கிடங்குன்னா குடோன். அர்த்தம் மாறிப்போச்சுன்னு நமக்குத் தெரியும். தண்ணிக்கு யாரு போய் சொல்றது?

ஃபெஞ்சல் புயல் மறந்துட்டியா? 2024 டிசம்பர் 1-ந் தேதி காலையில மயிலத்துல அளந்து பார்த்தா, ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். இப்போ ஒரு கணக்கு போடு. பத்து ஏக்கர் தகரக் கூரை மேல அதே மழை பேஞ்சா ரெண்டு கோடி லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் லாரியில ஏத்தினா 1,700 நடை! வயலா இருந்தா கொஞ்சம் குடிக்கும், வரப்பு கொஞ்சம் புடிக்கும். தகரம் ஒரு சொட்டு குடிக்குமா? அத்தனையும் பக்கத்துத் தெருவுக்குத்தான் விருந்தாளி. பக்கத்துத் தெரு உன் வார்டு.

விழுப்புரத்துல ஏரியில பஸ் ஸ்டாண்டு கட்டினாங்க. மழை வந்தா, எனக்கு எந்த பஸ்ஸும் வேணாம், என் எடத்தைக் குடுன்னு ஏரி வந்து நிக்குது. அதைக் குத்தம் சொல்ல முடியுமா? பட்டா அதோட பேர்லதான!

அதனால சொல்றேன், நல்ல வெயில் நாள்ல ஏசி காருல கூட்டிட்டுப் போயி எடத்தைக் காட்டுவாங்க, போவாத. ஐப்பசி அடைமழையில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நீயே நடந்து போ. வரத்து வாய்க்கால் எது, கலங்கல் எங்க, மதகு எந்தப் பக்கம்னு மாடு மேய்க்கிற கெழவியைக் கேளு. வரைபடத்துல காணாமப் போன வாய்க்காலெல்லாம் அவ வாயில இருக்கும்.

அப்புறம் வேலை. ஐநூறு பேருக்கு வேலைன்னு நோட்டீஸ்ல போடுவான். நீ கை தட்டறதுக்கு முன்னால, கம்பெனி சம்பளப் பதிவுல எத்தனை பேரு, காண்ட்ராக்டுல எத்தனை பேருன்னு கேளு. சொல்ற பதிலை மினிட்ஸ்ல ஏத்து. இல்லன்னா வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மட்டும் நம்மூரு ஆளா இருப்பான். உன்னையே பேரு எழுதிட்டு உள்ள போன்னுவான்.

இன்னொண்ணு. எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊருப்பா இது. டி.எம்.வி.ன்னு மல்லாட்டை ரகத்துக்கெல்லாம் நம்மூரு பேரைத்தான் வச்சான். சேமிப்புக் கிடங்குக்குன்னு அரசாங்கம் 1958-லயே தனி நிறுவனம் ஆரம்பிச்சுது. இருந்தும் கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட்டை இன்னும் படுதாவைப் போத்திக்கிட்டு வானத்தைப் பார்த்து உக்காந்திருக்குது. பிஸ்கட்டுக்குக் கூரை, நெல்லுக்குப் படுதா! வர்ற குடோன்காரனை ஒண்ணு கேளு: ஒரு மூலையை மார்க்கெட் கமிட்டிக்கு வர்ற விவசாயிக்கு வாடகைக்கு விடுவியான்னு. சிரிச்சான்னா யாருக்காகக் கட்டறான்னு புரிஞ்சுக்கோ. யோசிச்சான்னா ஒரு டீ வாங்கிக் குடு.

என்ன, எழுந்துட்ட? கூட்டத்துக்கு நேரமாச்சா? போய் தாராளமா கையைத் தூக்கு. ஒரு கையைத் தூக்கறப்போ இன்னொரு கையால வேட்டியையும் தூக்கிப் புடிச்சுக்கோ. கிடங்குன்னு பேரு வச்சா, தண்ணி தன்னைத்தான் கூப்புடறாங்கன்னு நெனச்சு வந்துடும். பழைய ஆளுப்பா அது, பழைய தமிழ்தான் தெரியும்.