தள்ளுபடிப் பொருள்கோள்: பருவகால விற்பனையில் கணினி விளையாட்டு வாங்குதல் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

யானைக்குச் சாத்திரம் உண்டு, குதிரைக்குச் சாத்திரம் உண்டு, உடம்பில் எங்கே பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பட்டியலே உண்டு. ஆனால் ஸ்டீம் கடையில் தள்ளுபடி போட்டிருக்கும்போது எந்த விளையாட்டை வாங்குவது, எதை விடுவது என்று சொல்ல ஓர் ஓலை நறுக்குகூட இல்லை. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. நூல் செய்வோர் விலக்க வேண்டிய பத்துக் குற்றங்களை நன்னூல் எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும் இதில் ஆங்காங்கே வரும். நின்று பயனின்மை முதலிலிருந்து கடைசிவரை வரும்.

நிலமும் பொழுதும்

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. நிலம் ஸ்டீம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரிலுள்ள வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் இதைத் தொடங்கியது. அன்று இது கடையே அல்ல. தங்கள் சொந்த விளையாட்டுகளுக்கு அப்டேட் அனுப்ப வைத்திருந்த கருவி. 2004இல் ஹாஃப்-லைஃப் 2 ஆட வேண்டுமானால் ஸ்டீமை நிறுவியே ஆகவேண்டும் என்றபோது பலர் திட்டித் தீர்த்தார்கள். இன்று அதே வாசலில் ஆண்டுக்கு நான்கு முறை கூட்டம் நெரிகிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 18,000க்கும் மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்தன. நாளுக்கு ஒன்றாக முடித்துத் தள்ளினாலும் அந்த ஓராண்டுச் சரக்கைத் தீர்க்க 49 ஆண்டுகள் ஆகும். எபிக் என்றொரு கடையும் 2018 முதல் இருக்கிறது. அது அவ்வப்போது விளையாட்டுகளை இலவசமாகவே கொடுத்துவிடுவதால் அங்கே தேர்வும் இல்லை, ஆய்வும் இல்லை.

பெரும்பொழுது நான்கு: கோடை, இலையுதிர், குளிர், 2023 முதல் வசந்தம். நான்கும் அவர்கள் ஊர்ப் பருவங்கள். கோடை விற்பனை ஜூன் கடைசியில் வரும்; அதற்குள் நமக்குக் கத்திரி முடிந்து பள்ளிக்கூடமும் திறந்திருக்கும்.

சிறுபொழுதுதான் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விற்பனை வழக்கமாகப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். இந்தியாவில் அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. இரண்டும் யாமத்துள் அடங்கும். யாமம் குறிஞ்சித் திணைக்கு உரியது. அதன் உரிப்பொருள் புணர்தல். இங்கே புணர்வன கார்டு எண்ணும் ஓடிபியும். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு நடப்பதால் இது களவொழுக்கமே என்க. மாதக் கடைசியில் கார்டு ஸ்டேட்மென்ட் வரும்போது அலர் எழும். அறத்தொடு நிற்க வேறு வழியில்லாத நிலை அப்போது தோன்றும்.

மெய்ப்பாட்டியல்

வாங்க நினைத்தவற்றைக் குறித்து வைக்கும் விஷ்லிஸ்டைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் வலப்பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டம். அதில் இளம்பச்சை எழுத்தில் -75% என்றிருக்கும். அதை ஒட்டிப் பழைய விலை சின்னதாக, குறுக்கே கோடு அடித்து. அதன் கீழே புது விலை. கடையின் உயிர் அந்தக் கோடு அடித்த விலையில்தான் இருக்கிறது. வெறுமனே 499 ரூபாய் என்று போட்டிருந்தால், ‘ஒரு கேமுக்கு ஐந்நூறா?’ என்று கேட்கிற அதே மனிதர், பக்கத்தில் 1,999 அடிபட்டுக் கிடப்பதைக் கண்டதும், ‘ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்’ என்கிறார். மிச்சமான அந்த ஆயிரத்து ஐந்நூறு எந்த வங்கிக் கணக்கிலும் வரவு வைக்கப்பட்டதாகத் தரவு இல்லை.

இதற்குப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இலேயே இலக்கணம் வகுத்துவிட்டார். பொருளால் வரும் பயன் ஒன்று, நல்ல விலைக்கு அடித்தோம் என்ற நினைப்பால் வரும் பயன் இன்னொன்று, இரண்டும் வேறு வேறு என்றார். பிற்காலத்தில், 2017இல், அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் களன்களாகக் கல்வி, வீரம், புகழ், கொடை என்ற நான்கைச் சொன்னார். ஐந்தாவதாகத் தள்ளுபடியைச் சேர்க்கலாம் என்பது எமது பணிவான பரிந்துரை.

தேலர் சொன்ன இரண்டாவது பயனுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. விளையாட்டை டவுன்லோட் செய்யாமலே அது முழுதாகக் கிடைத்துவிடும். 2014இல் ஆர்ஸ் டெக்னிகா இதழ் ஸ்டீம் கணக்குகளை மாதிரியாக எடுத்துக் கணக்கிட்டபோது, அவற்றில் கிடந்த விளையாட்டுகளில் சுமார் 37 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. அவற்றை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று முன்னை ஆய்வாளர் கருதினர். அது பொருந்தாது. அவர்கள் வாங்கியது தள்ளுபடியை. அது அன்றிரவே கைக்கு வந்துவிட்டது.

விலையியல்

ஆடித் தள்ளுபடியில் வளர்ந்தவருக்கு ஓர் ஐயம் எழும். ஆனி கடைசியில் 600 ரூபாய்ச் சட்டையில் 1,200 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, ஆடி பிறந்ததும் ‘பாதி விலை’ என்று கூவுகிற வேலை இங்கும் நடக்குமோ? ஸ்டீமில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. விலையை ஏற்றினால் 30 நாளுக்குத் தள்ளுபடி போட முடியாது. தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும்போது அடிப்படை விலையில் கைவைக்கவும் முடியாது. ஆகவே ஏமாற்றுவதற்கு ஆள் நம் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். வருகிறார்.

அவர் சொல்வது ஒன்றே: ‘இப்போ விட்டா போயிடும்.’ ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. 2015 கோடைவரை சில மணி நேரமே நிற்கும் மின்னல் தள்ளுபடிகள் இருந்தன. அலாரம் வைத்து எழுந்து வாங்கியோர் உளர். அவ்வாண்டின் இலையுதிர் விற்பனையோடு அவற்றை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிற விதியும் வந்திருந்தது. மின்னல் தள்ளுபடியில் மின்னல் அடித்ததும் முந்தைய விலைக்கு வாங்கினவர் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குவார் அல்லவா? இப்போது முதல் நாள் விலைதான் கடைசி நாள் விலை. யாமத்தில் விழித்திருக்க எந்தப் பொருளியல் காரணமும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒரு விளையாட்டின் விலை வரலாற்றைப் பாருங்கள். வெளிவந்த ஆண்டில் 20 விழுக்காடு, பிறகு 33, பிறகு 50 என்று கோடு படிப்படியாக இறங்கும். ஒருமுறை தொட்ட அடிமட்ட விலையைப் பெரும்பாலும் அடுத்த பருவத்திலும் தொடும். எனவே இன்று வாங்காமல் விட்டதன் தண்டனை, அடுத்த விற்பனையில் இன்னும் குறைந்த விலைக்கு வாங்க நேர்வதே.

இதற்குப் புறனடை உண்டு. கார் நிறுவனங்களிடமும் பாடல் உரிமையாளர்களிடமும் உரிமம் வாங்கிச் செய்யும் பந்தய விளையாட்டுகள் உரிமம் தீர்ந்ததும் கடையிலிருந்து இறக்கப்படும். ஃபோர்ஸா ஹொரைசன் 4 அப்படித்தான் 2024 டிசம்பர் 15இல் இறங்கியது. முன்பே வாங்கியவர் ஆடலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. இத்தகையவற்றுக்கு மட்டும் ‘இப்போ விட்டா போயிடும்’ என்ற வாதம் செல்லும்.

ஆசையியல்

விஷ்லிஸ்ட் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி. 2019 கோடை விற்பனையில் ஒரு பந்தயப் போட்டி வைத்து, வெல்லும் அணியில் சிலருக்கு விஷ்லிஸ்டின் உச்சியில் இருக்கும் விளையாட்டு இலவசம் என்றார்கள். விதி புரியாமல் பலர் விலை குறைந்த சிறு விளையாட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். சிறு தயாரிப்பாளர்கள் அலறினார்கள். நீக்க வேண்டாம், மேலே நகர்த்தினாலே போதும் என்று வால்வ் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஆசையை அறுக்கத் துறவு தேவையில்லை, பெரிய ஆசை ஒன்றைக் காட்டினால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று கிடையாது.

மதிப்புரையியல்

நம் பல்கலைக்கழகங்களில் 60 விழுக்காடு வாங்கினால் முதல் வகுப்பு. ஸ்டீமில் 69 விழுக்காட்டினர் நன்று என்று சொன்னாலும் ‘கலவையான கருத்து’ என்றே முத்திரை விழும். உச்ச முத்திரைக்கு 95 விழுக்காடும் குறைந்தது 500 மதிப்புரையும் வேண்டும். எண்ணைப் பார்ப்பதைவிட, எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று மேலே போட்டிருப்பதைப் பார்ப்பது பயன் தரும். கட்டைவிரலைக் கீழே காட்டி, ‘காசுக்குக் கேடு, வாங்காதீர்கள்’ என்று எழுதியிருப்பவர் அதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் கழித்திருப்பார். இவரைவிட நம்பத்தக்க பரிந்துரையாளர் வேறு இல்லை.

துணைப்பொதியியல்

மூல விளையாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு டிஎல்சி எனும் துணைப்பொதியில் பிடிப்பது ஒரு நெறி. யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் லாரி மலிவாகக் கிடைக்கும். ஸ்காண்டிநேவியா தனி, பிரான்ஸ் தனி, இத்தாலி தனி, ஐபீரியா தனி. தமிழருக்கு இதில் கூடுதல் இடர் ஒன்றுண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் புதுப்பதிப்பை வாங்கி, சோழப்படை எங்கே என்று தேடுவோர் 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற துணைப்பொதிக்கு அனுப்பப்படுவர். ராஜேந்திரன் அங்கேதான் இருக்கிறான். உருமி வாள்வீரரும் அங்கேதான். தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் முறை கார்டை எடுப்பது நியாயமா என்று கேட்டால், எடுத்தபின் அவ்வினா எழுவதில்லை.

வட்டியல்

பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி இடம் கேட்கும். உங்கள் லேப்டாப்பில் எவ்வளவு காலி என்று பார்த்துவிட்டு இவ்வியலைத் தாண்டிச் செல்க.

தடையும் விடையும்

‘இப்போது நேரமில்லை, ஓய்வு பெற்றதும் ஆடுவேன்’ எனின், அற்றன்று. அன்றைய கணினியில் இன்றைய விளையாட்டு ஓடும் என்பதற்கு உறுதியில்லை. முழங்கால் வலிக்கும் கட்டைவிரல் வலிக்கும் உள்ள தொடர்பும் கருதத்தக்கது.

‘நான் ஆடாவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஆகுமே’ எனின், அதுவும் அற்றன்று. ஸ்டீமில் நாம் வாங்குவது உரிமம்தான். 2024 அக்டோபர் முதல் பணம் கட்டும் இடத்திலேயே அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். கணக்கை உயிலெழுதிக் கொடுக்கவும் அவர்கள் ஒப்பந்தத்தில் இடமில்லை. பாட்டன் சொத்தாக இது இறங்காது.

‘புத்தகக் கண்காட்சியில் வாங்கியதையெல்லாம் நீர் படித்தீரோ’ எனின், அவ்வினா இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது.

கணக்கியல்

விளையாட்டை எடைபோட மணிக்கணக்கு முறை பரவலாக வழங்குகிறது. விட்சர் 3ஐ 500 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். கதையை மட்டும் முடிக்க ஏறத்தாழ 50 மணி நேரம். மணிக்கு 10 ரூபாய். தியேட்டர் பாப்கார்னோடு ஒப்பிட்டால் தருமம். கணக்கு சரி, பிழை வேறிடத்தில். 50 மணி நேரம் அங்கே வரவாக எழுதப்படுகிறது. உண்மையில் அது செலவு.

வேலைக்குப் போய், சனி ஞாயிறு இரவுகளில் ஒன்றரை மணி நேரம் வீதம் ஆடக்கூடியவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 3 மணி. விட்சர் 3 முடிய 17 வாரம். ஆண்டுக்கு நான்கு விற்பனை என்றால் இரண்டுக்கும் நடுவே சராசரி 13 வாரம். அதாவது இந்தப் பருவத்தில் வாங்கிய ஒரே ஒரு விளையாட்டை முடிக்குமுன் அடுத்த பருவத் தள்ளுபடி வந்து நிற்கும், அதுவும் நடுவில் கல்யாணம், காதுகுத்து, கரண்ட் கட் எதுவும் குறுக்கிடாவிட்டால். இரண்டாவதாக வாங்குவது எதுவாயினும் அது ஆடுவதற்கு அன்று. வாங்கிய இரவே டவுன்லோட் போடத் தயாராக இல்லாத எதையும் வாங்காதிருக்க, இந்த ஒரு கணக்கே போதும்.

முடிபு

மணிக்கணக்கு முறைப்படி படுதோல்வி அடையும் விளையாட்டு ஒன்று இருக்கிறது: வெண்பா. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்து 2023இல் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்தனுப்பிய, எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பு, அதை வைத்துத் தட்டுத்தடுமாறி அவிக்கும் இட்லி. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதும் கிடைத்தது. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம். ஒரு சனிக்கிழமை இரவோடு சரி. இந்தப் பருவத்தில் ஒன்றுதான் என்றால் அதையே வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் பணத்தைத் திருப்பிக் கேட்க விதி இடம் கொடுக்கும். கேட்காதீர்கள்.